தெற்கத்திக்காரர்களுக்கென்று ஒரு வீடு

திருப்பூரில் எங்களுக்கு வீடு தர மாட்டோம் என்று யாரும் சொன்னதே கிடையாது. வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அதற்குப் பிறகுதான், "எந்தப் பக்கமுங்க?" என்ற கேள்வி வரும். உடன்குடிப் பக்கம் என்று சொல்வோம். கேட்டவர் முகத்தில் எதுவும் மாறாது. "ஊட்டுக்காரரு வந்ததும் கேட்டுட்டுச் சொல்லி உடறமுங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். நாங்களும் சொல்லி அனுப்புவார்கள் என்று வீட்டில் காத்துக்கொண்டிருப்போம். நம் ஊரில் ஒருவருக்கு வீடு கொடுக்க மனசில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கேட்டவர் கோபத்தோடு திரும்புவார், அதோடு காரியம் முடிந்தது. இங்கே கோபப்பட ஒன்றும் இருக்காது. மரியாதைதான் இருக்கும். அந்த மரியாதைக்குள் 'ஆமாம்' எங்கே முடிகிறது, 'இல்லை' எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு வெகு காலம் பிடித்தது. தெரிந்துகொண்ட பிறகு, யார் என்னிடம் அன்பாகப் பேசினாலும் அந்த அன்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடும் கெட்ட பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

புத்தாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. எக்ஸ்போர்ட் கொழித்துக்கொண்டிருந்தது. தெற்கே இருந்து வரும் பஸ்ஸெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து பழைய பஸ் ஸ்டாண்டில் கொட்டும். என் வீட்டுக்காரர் தங்கராஜ் கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பகலெல்லாம் குறை தேடிய கண்ணுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வு கிடைக்காது என்று தங்கராஜ் கேலி பேசுவார். நல்லூரில் ஒரு காம்பவுண்டில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்கள் மகள் ஜெனிக்கு எட்டு வயசு. காம்பவுண்டு முழுவதற்கும் இரண்டே கக்கூஸ். அவளைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். அந்த நேரத்தில்தான் காம்பவுண்டு உரிமையாளர், இடத்தை இடித்து குடோன் கட்டப்போவதாகவும், மழைக்காலத்துக்குள் எல்லாரும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், வழக்கமான மரியாதையோடு ஒவ்வொரு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்பினோம். எங்களோடு இருந்த தாராபுரத்துக்காரர்களுக்கும் கணியூர்க்காரர்களுக்கும் உடனுக்குடன் வீடு கிடைத்துவிட்டது. அவர்கள் பேச்சு உள்ளூர்ப் பேச்சு. நாங்கள் வாயைத் திறந்ததும் அட்டை தொங்கும் வீடுகூட நிரம்பிவிடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லூரிலேயே இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்பகுதியைப் பார்க்கப் போனோம். முன்னால் உரிமையாளர் வீடு. பக்கவாட்டில் நாலைந்து நிட்டிங் மெஷின் ஓடுகிற ஒரு ஷெட். பின்னால் இரண்டு அறையும் தனிக் குளியலறையும் உள்ள சின்ன வீடு. வீட்டுக்கார அம்மாவின் பெயர் துளசிமணி. ஐம்பது வயசு இருக்கும். மெலிந்த உடம்பு. எங்களைக் கண்டதும் அவரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"எந்தப் பக்கமுங்க?"

உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் நடுவில் என்று தங்கராஜ் சொன்னார். சொல்லிவிட்டுக் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடினார். துளசிமணியம்மா, "உள்ள வந்து ஊட்டைப் பாருங்க, கண்ணு" என்றார். அவரே முன்னால் போய்க் கதவைத் திறந்தார். நல்ல தண்ணீர் எப்போது வரும், உப்புத் தண்ணீர் மோட்டார் எது, அட்டாலியில், அதாவது பரணில், எவ்வளவு சாமான் வைக்கலாம் என்று வரிசையாகக் காட்டினார். முன்பணம் எல்லாரும் கேட்பதில் பாதிகூட இல்லை. ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுங்கள் என்றார். ஆடிக்கு இன்னும் நாள் கிடந்தது. எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்பதும் ஜெனியின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்த அவருக்குத் தெரிந்திருக்கும். இதற்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று நான் கேட்டேன். "ஒரு தம்பி இருந்தானுங்க. உங்க பக்கந்தான். சொல்லிக்காம போயிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, தூசி இல்லாத ஜன்னல் கம்பியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் தங்கராஜுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரே குடைச்சல். தெற்கத்திக்காரர் என்பதற்காக ஊரே எங்களுக்கு வீடு தர மறுக்கிறது. தெற்கத்திக்காரன் ஒருவன் சொல்லாமல் ஓடிப்போன பிறகும் இந்த அம்மா மறுபடி ஒரு தெற்கத்திக் குடும்பத்தை ஏன் தேட வேண்டும்? அதுவும் இவ்வளவு குறைந்த முன்பணத்துக்கு? வீட்டில் யாராவது செத்திருப்பார்களோ, தண்ணீரில் சாயப்பட்டறைக் கழிவு கலக்கிறதோ, ராத்திரியில் மெஷின் சத்தம் தாங்க முடியாதோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மறுநாள் வேலை முடிந்து அந்தத் தெருவழியாகவே வந்தேன். முனையில் இருந்த மளிகைக் கடைக்காரரிடம் சோப்பு வாங்குகிற சாக்கில் அந்த வீட்டைப் பற்றி விசாரித்தேன். "நல்ல ஊடுங்க. நல்ல மனுசங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். அவரும் நல்ல ஊடு என்றார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. நிறம் மாறவில்லை. குறை கண்டுபிடிக்க முடியாத பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பாஸ் பண்ணவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நிற்கும் நிலைமை.

வேறு வழியில்லாமல் சம்மதித்தோம். குடிபோகும் ஏற்பாடுகள் ஆரம்பித்தன. நம் ஊரில் வீடு மாறுவது என்றால் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். யார் எதைத் தூக்குவது என்பதில் சண்டை வரும். இங்கே எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும்தான் யோசிக்க வேண்டும். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகவேண்டிய பெட்டிகளுக்குள் எங்கள் சட்டிப் பானைகள் போயின. பாத்திரங்களைச் சுற்ற தங்கராஜ் கட்டிங் வேஸ்ட் துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். கேஸ் சிலிண்டருக்கு விலாசம் மாற்ற வேண்டும். பள்ளிக்கூட வேன்காரரிடம் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு மட்டும் எந்தத் தொந்தரவும் தரவில்லை. அது இன்னமும் ஊரில் என் மாமியார் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

இந்த ஏற்பாடுகளுக்கு நடுவில் துளசிமணியம்மா இரண்டு முறை எங்கள் பழைய வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் குடிவரப்போகிறவர்களைத் தேடி வருவதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து காபி குடித்தார். எங்கள் தேவாலயத்தின் பெயரைக் கேட்டார். ஊருக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை போவோம் என்று கேட்டார். கிளம்பும்போது, "ஏனம்மிணி, ஊருல இருந்து ஒறம்பரை ஏதாச்சும் வருமுங்களா?" என்றார். ஒறம்பரை என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. உரமோ பாறையோ, ஏதோ மூட்டை முடிச்சைக் கேட்கிறார் என்று நினைத்தேன். கிராமத்தில் இருந்து கருப்பட்டி, கருவாடு என்று நாற்றமெடுக்கும் சாமான் எதுவும் வந்து சேருமோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் வராது" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. சரிங்க என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

மறுநாள் கம்பெனியில் மணிமேகலையிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். அவள் தாராபுரத்துக்காரி. எனக்குப் பக்கத்து டேபிள். சிரித்துக்கொண்டே, ஒறம்பரை என்றால் விருந்தாளி, சொந்தபந்தம் என்றாள். அப்படியானால் விருந்தாளிகள் வந்து தண்ணீரைக் காலி பண்ணுவார்களோ என்று கேட்டிருக்கிறார், நான் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று சமாதானப்பட்டேன். ஆனால் யாரும் வர மாட்டார்கள் என்றதும் அவர் முகம் ஏன் வாடியது? அதை மணிமேகலையிடம் சொன்னபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த வீடு என்று திரும்பக் கேட்டாள். சொன்னேன். டேபிளில் கிடந்த பனியன்களை அடுக்கிக்கொண்டே, தாழ்ந்த குரலில், ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததும் எங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுமான விஷயத்தைச் சொன்னாள்.

துளசிமணியம்மாவுக்கு ஒரே மகள், கோகிலா. அந்தப் பின்வீட்டில் குடியிருந்த டேவிட் என்ற ஓவர்லாக் டைலரோடு அவள் போன வருஷம் போய்விட்டாள். கல்யாணமும் செய்துகொண்டார்கள். கோகிலாவின் பெரியப்பா மகன்கள் கார் எடுத்துக்கொண்டு திருநெல்வேலி வரை தேடிப்போய், விலாசம் கிடைக்காமல் திரும்பினார்கள். கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள் என்றாள் மணிமேகலை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் பெயரை யாரும் எடுப்பதில்லையாம்.

அன்று சாயங்காலமே தங்கராஜிடம் சொன்னேன். அந்த வீடே வேண்டாம் என்றேன். அவர் கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். பெட்டிகள் எல்லாம் கட்டி முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு டெம்போ சொல்லியாயிற்று. பக்கத்து வீடுகள் காலியாகி, ஓடுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அவிய பிள்ள போனதுக்கு நாம என்ன செய்ய முடியும்? நாம வாடகைய குடுக்கோம், நம்ம சோலியப் பாக்கோம்" என்றார். என் பயம் வேறு. அந்த அம்மா எங்களை வாடகைக்காகக் கூப்பிடவில்லை. எங்கள் வழியாக மகளை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். எட்டிப் பிடிக்க விரும்புவது அம்மாதானா, அல்லது அம்மாவின் பின்னால் நிற்கிற ஆண்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் சாமான்கள் ஏறின. கட்டிலையும் பீரோவையும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். புது வீட்டு வாசலில் துளசிமணியம்மா கோலம் போட்டு வைத்திருந்தார். பால் காய்ச்ச அவரே புது அடுப்பு, கரி வரைக்கும் எடுத்துவைத்திருந்தார். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணியபோது, வாசலுக்கு வெளியே கைகூப்பி நின்றார். அன்றுதான் அவர் கணவரை முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஷெட் வாசலில் நின்று எங்கள் பெட்டிகள் ஒவ்வொன்றும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று தங்கராஜைக் கூப்பிட்டு மோட்டார் சுவிட்சைக் காட்டினார். வேறு எதுவும் பேசவில்லை. அந்த 'வாங்க'வில் எவ்வளவு வரவேற்பு, எவ்வளவு எச்சரிக்கை என்று நான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. வீடு நன்றாகவே இருந்தது. ஜெனி தனிக் குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். துளசிமணியம்மா பணியாரம், சுண்டல் என்று எதையாவது கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் பதிலுக்கு எதையாவது கொடுத்தனுப்பினேன். ஆனால் ஊரில் இருந்து யார் வந்தாலும் அவர் ஏதோ ஒரு காரணத்தோடு பின்பக்கம் வந்து நிற்பார். வந்தவர் எந்த ஊர், எந்தச் சபை, பக்கத்தில் என்னென்ன ஊர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் அண்ணன் ஒரு முறை குடும்பத்தோடு வந்தபோது, அவருக்குச் சாப்பாடு போட்டு, அருகிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு, ஷெட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து என்னைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது நாலு அடிக்கு அப்பால் கேட்காது. அதைத் தெரிந்தேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"உங்க பக்கம் போறப்ப ஒரு விசயம் கேட்டுட்டு வரோணும், அம்மிணி. என் புள்ள உசுரோட இருக்கறாளான்னு மட்டும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எங்கே இருக்கிறாள் என்று தெரியாத ஆளை நான் எப்படித் தேடுவது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வீட்டு ஆண்களிடம் சொல்லாமல் வைத்திருந்த டேவிட்டின் அப்பா பெயரை மட்டும் சொன்னார். என் பிறந்த ஊரில் இருந்து மூன்று மைல் தள்ளி இருக்கும் கிராமத்தில் அந்தப் பெயரில் ஒருவர் கோயில் பிள்ளையாக இருந்தார். தேவாலயத்து மணி அடிக்கிறவர். என் அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்தவர். திருநெல்வேலி வரை காரில் போனவர்களுக்குக் கிடைக்காத விலாசம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. என் முகத்தில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்து வாளியைத் தூக்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். போகக் கூடாது என்றுதான் தங்கராஜ் சொன்னார், அந்தக் கிராமத்துக்குத்தான். நான் கேட்கவில்லை. அண்ணனிடம்கூடச் சொல்லாமல், பண்டிகை முடிந்த மறுநாள், ஒரு பிற்பகலில் மினி பஸ் பிடித்துப் போனேன். கோயில் பிள்ளை வீட்டைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடக் காட்டுவார்கள். ஓட்டு வீடு. வாசலில் நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோகிலாவா என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள்.

எங்கள் செம்மண் தேரிக்காட்டில் 'இல்லீங்க' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்ன பிறகு அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. சுளகைக் கீழே வைத்துவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஐந்தாறு மாதம் இருக்கும். நான் யார் என்பதையும், எந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்பதையும், யார் அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் வந்தேன் என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கடைசியில், அம்மா கேட்டபோது அப்பா வீட்டில் இருந்தாரா என்று கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அதைக் கேட்டதும்தான் அவள் கண் நிறைந்தது. மெஷின் சத்தத்தில் பேசுவது அந்த வீட்டுப் பெண்களின் பழக்கம் போலிருக்கிறது.

"நல்லா இருக்கறன்னு சொல்லுங்க. எங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவங்களால மறைக்க முடியாதுங்க" என்றாள்.

திருப்பூருக்குத் திரும்பியதும், துளசிமணியம்மா கேட்க வருவதற்கு முன்னால் என்ன பொய் சொல்வது என்று பலவாறாகத் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் வந்தார், மெஷின் ஓடுகிற நேரத்தில்தான். யாரோ ஒருவர் பார்த்தாராம், நன்றாக இருக்கிறாளாம், எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. செக்கிங்கில் இருக்கிற என்னைவிட அவருக்குக் குறை கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் கோபப்படவில்லை.

"எந்த ஊருன்னு சொல்லாதீங்க, அம்மிணி. எம்பட வாயில இருந்து அதைப் புடுங்க ஆளு இருக்குது." பிறகு, "மாசமா இருக்கறாளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பொய் வைத்திருக்கவில்லை. தலையை அசைத்தேன். அவர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஷெட்டில் மெஷின் நிற்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நின்றதும் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல, ஷெட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அவர் கணவர் தங்கராஜிடம், ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். திருப்பூரில் ஊருக்குப் போய்வந்த யாரிடமும் கேட்கிற சாதாரண விசாரிப்புதான். ஆனால் அவர் இதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை. பொங்கல் கழிந்ததும் துளசிமணியம்மா வந்து, வீட்டில் ஒரு தேவை இருக்கிறது, பங்குனிக்குள் வீட்டை ஒழித்துக்கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்றார். என்ன தேவை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணவருக்கு ஏதோ தெரிந்து எங்களை வெளியேற்றச் சொன்னாரா, அல்லது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று துளசிமணியம்மாவே எங்களை அப்புறப்படுத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்று யோசிக்கும்போது, முதலாவதை ராத்திரியிலும் இரண்டாவதைப் பகலிலும் நம்புகிறேன்.

மறுபடியும் அட்டைப்பெட்டிகள், மறுபடியும் வேஸ்ட் துணி மூட்டை. இந்த முறை வீடு மாறுவதை யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்பதை மணிமேகலையிடம்கூட மறைத்தேன். ஊரின் மறு கோடியில், எங்களைப் போன்ற தெற்கத்திக் குடும்பங்களாகவே நிறைந்த ஒரு காம்பவுண்டில் இடம் கிடைத்தது. டெம்போ கிளம்பும்போது துளசிமணியம்மா ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார். "ஊருக்குப் போறப்ப" என்றார். அவ்வளவுதான். அவர் கணவர் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை.

புது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பையைப் பிரித்தேன். கைக்குழந்தைக்கான பனியன்கள். அவர்கள் ஷெட்டில் ஓடிய மெல்லிய வெள்ளைத் துணியில், கையாலேயே தைத்தவை. ஓரத் தையல்கூட குழந்தையின் தோலில் உரசாமல் வெளிப்பக்கமாக மடித்திருந்தார். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏதாவது சீட்டு, ஏதாவது அடையாளம் உள்ளே இருக்குமோ, இதைக் கொண்டுபோகிற என்னை யாராவது பின்தொடர்வார்களோ என்றெல்லாம் நினைத்தேன். ஒரு தாய் தைத்த சட்டையை அப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற பெண்ணாக இந்த ஊர் என்னை ஆக்கிவிட்டதா, நான் வரும்போதே அப்படித்தான் இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மே மாத விடுமுறையில் ஜெனியோடும் அந்தப் பையோடும் கிளம்பினேன். பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மதுரையில் இறங்கி, வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஜெனியை என் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பையைப் பிரித்ததும் அவள் ஒரு பனியனை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா, தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பேச்சு என்னையும் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நானும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, ஊட்டைப் பற்றியும், பொடக்காலி என்கிற கொல்லைப்புறத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் எனக்கு ஒருநாளும் சரளமாக வராத பேச்சு, உடன்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டில் உட்கார்ந்து தங்குதடையில்லாமல் வந்தது.

டேவிட்டின் அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். குழந்தையைக் கோகிலா மடியில் இருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எந்தூர்க்காரவிய நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

என் ஊரைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த ஊர்ப் பேச்சு இப்படி இருக்காதே என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், தாத்தாவின் பட்டப்பெயரைச் சொன்னேன், எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் பேச்சை வலுக்கட்டாயமாக நம் பேச்சுக்குத் திருப்பினேன். 'வாரேன், போறேன், இருக்கோம்' என்று. எனக்கே அது நடிப்பது போல இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சரி, வெயில் தாழக் கிளம்புங்க என்றார்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குழந்தையை இறக்கிவிடாமல் கூடவே வந்தார். வெள்ளைப் பனியனில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வேறு ஊர்களுக்குப் போகும் பஸ் இரண்டு போயிற்று, அவர் நகரவில்லை. எந்த பஸ்ஸில் ஏறப்போகிறேன், என் ஊருக்குப் போகும் பஸ்ஸிலா, திருநெல்வேலிக்குப் போய்த் திருப்பூர் வண்டி பிடிக்கும் பஸ்ஸிலா என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று புரிந்தது. பெற்ற தகப்பன் வீட்டில் அம்மா எனக்காகச் சோறு வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். ஜெனியும் அங்கேதான் இருந்தாள். என் ஊர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினேன், வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாக.